வழியோரத்தில் ஒரு நாள்

நெடுந்தொலை ஓட்டத்தில் வென்றவரின் பெயர் மறுநாள் நாளிதழில் வெளிவருகிறது. அவர் ஓடிய பாதையின் ஓரத்தில் காலை முதல் மாலை வரை நின்றவரின் பெயரை எவரும் எழுதுவதில்லை. எழுதவேண்டுமென அவர் எதிர்பார்ப்பதுமில்லை. 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் பாஸ்டன் நகரத்து மராத்தான் ஓட்டத்தின்போது, நண்பர் இருவருக்காக நானும் அவ்வாறு வழியோரத்தில் நின்றேன். வேலையின் பொருட்டு ஓராண்டு அந்நகரில் தங்கியிருந்த காலம் அது. அன்று நான் கண்டவற்றையும், அன்று என்னால் நேர்ந்த ஒரு பிழையையும் வாசகரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

எட்டு ஊர்களின் திருநாள்

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஏப்ரல் மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை பொது விடுமுறை நாளாகும். 1775-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் லெக்சிங்டன், கான்கார்டு என்னும் ஊர்களில் ஆங்கிலேயப் படையினருக்கும் அங்குக் குடியேறியிருந்த மக்களுக்கும் இடையே நிகழ்ந்த மோதலிலிருந்துதான் அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கியது. அதன் நினைவாக அந்நாளை 'நாட்டுப்பற்றாளர் நாள்' என்கின்றனர். மராத்தான் ஓட்டம் நிகழ்வதும் அந்நாளிலேதான்.

இந்த ஓட்டம் 1897-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டில் ஏதென்சு மாநகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விளையாட்டுகளில் முதன்முறையாக மராத்தான் ஓட்டம் இடம் பெற்றது. அதில் ஸ்பிரிடன் லூயிஸ் என்னும் கிரேக்கர் முதல்வராக அரங்கினுள் நுழைந்தபோது, கிரேக்க இளவரசர் இருவர் தம் இருக்கையை விட்டிறங்கி அவரோடு சேர்ந்து ஓடினர் என்பர். மராத்தான் பிறந்த அன்றே, பார்த்திருந்தவர் வாளாவிருக்க இயலாமல் எழுந்துவிட்டனர் எனலாம். ஏதென்சிலிருந்து திரும்பிய பாஸ்டன் விளையாட்டுச் சங்கத்தார் அடுத்த ஆண்டே தம் ஊரில் அத்தகைய ஓட்டமொன்றை ஏற்படுத்தினர். முதல் ஆண்டில் ஓடியவர் 15 பேரே. இன்றோ ஏறத்தாழ 30,000 பேர் ஓடுகின்றனர். ஐந்து இலட்சம் பேர் வழி நெடுக நின்று பார்க்கின்றனர்.

1924-ஆம் ஆண்டு முதல் ஓட்டம் ஹாப்கிண்டன் என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. ஆஷ்லண்டு, ஃபிரேமிங்காம், நேட்டிக், வெல்ஸ்லி, நியூட்டன், புரூக்லைன் என்னும் ஊர்களைக் கடந்து பாஸ்டன் நகர நடுவில், பொது நூலகத்தின் அருகே முடிவுறுகிறது. தொலைவு 26 மைல் 385 கஜம், அதாவது 42.195 கிலோமீட்டர். தொடங்கும் இடம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்திலும், முடியும் இடம் கடல் மட்டத்தை ஒட்டியும் உள்ளன. இறக்கந்தானே, எளிதன்றோ என எண்ணத் தோன்றும். ஆனால் தொடக்கத்து இறக்கங்களே தொடைத் தசைகளை அடித்துத் துவைத்துவிடுகின்றன. அவ்வாறு துவண்ட கால்களோடு, பாதித் தொலைவுக்கு மேல் கடந்த பின்னர், நியூட்டன் நகரின் நான்கு மேடுகளை ஏறவேண்டும்.

இருவர் ஓடினர்

என் நண்பர்களுள் ஒருவர் என்னோடு அலுவலகத்தில் பணியாற்றியவர். பாஸ்டன் ஓட்டத்தில் விரும்பியவரெல்லாம் ஓடிவிட முடியாது. வயதுக்கும் பாலினத்திற்கும் ஏற்ப வரையறுக்கப்பட்ட நேரத்திற்குள் வேறொரு மராத்தானை முன்னரே ஓடி முடித்திருக்கவேண்டும். ஆறாண்டு முயன்று அத்தகுதியைப் பெற்றவர் அவர். காலை 10.25 மணிக்குப் புறப்படும் இரண்டாம் அணியில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது.

மற்றவர் ஒரு செவிலியர். எங்கள் இருவருக்கும் தோழியார். விரைந்து ஓடக்கூடியவர் அல்லர். அறநிறுவனங்களுக்காகப் பல ஆயிரம் டாலர் நன்கொடை திரட்டித் தருவோருக்கு ஒதுக்கப்படும் இடங்களுள் ஒன்றைப் பெற்று, 11.15 மணிக்குப் புறப்படும் கடைசி அணியில், மஞ்சள் நிற எண் பட்டையுடன் ஓடினார். 2013-ஆம் ஆண்டு ஓட்டத்தன்று குண்டுகள் வெடித்தபோது, காயமுற்றோர் கொண்டுவரப்பட்ட மருத்துவமனை ஒன்றில் பணியில் இருந்தவர் அவர். அதைப் பற்றி அவர் மிகுதியாகப் பேசியதில்லை. "ஒருமுறை அந்தக் கோட்டை நானே கடந்து பார்க்கவேண்டும்" என்று மட்டும் கூறுவார்.

ஓட்டத்திற்கு முந்திய ஞாயிறன்று மூவரும் ஒரு வரைபடத்தை விரித்துவைத்து அமர்ந்தோம். முடிவுக் கோட்டருகே நெருக்கம் மிகுதியாதலால் அங்கு நின்று பயனில்லை என்றனர் இருவரும். "மேட்டின் அடிவாரத்தில் நில்லுங்கள். அங்கேதான் ஆள் வேண்டும்" என்றார் தோழியார். காமன்வெல்த் நிழற்சாலையும் வால்நட் தெருவும் கூடுமிடத்தில், ஓடுவோருக்கு வலப்புறத்தில், சிவப்புக் குடையுடன் நிற்பதென முடிவாயிற்று. இருவருக்கும் ஒவ்வோர் இணை உலர்ந்த கம்பளிக் கையுறைகளை நான் கொண்டுவரவேண்டும். வலப்புறமா இடப்புறமா என்பதையும் விடாமல் குறித்துக்கொண்டனர். பல்லாயிரவர் இருபுறமும் ஆரவாரிக்கும்போது, களைத்தவர் கண்ணுக்கு இரு பக்கமும் தேடும் ஆற்றல் இராதாம்.

நெஞ்சு உடைந்த மேடு

அன்று விடியுமுன்பே மழை தொடங்கிவிட்டது. வெப்பநிலை 5 பாகை செல்சியசை ஒட்டியே இருந்தது. ஓடுவோர் முகத்தில் நேரே அறையும் எதிர்காற்று வேறு. ஆண்டுதோறும் அந்நாளில் காலையில் நடைபெறும் பேஸ்பால் ஆட்டத்தையே தள்ளிவைத்துவிட்டனர். ஓட்டத்தை மட்டும் தள்ளிவைக்கவில்லை.

பாஸ்டன் டிராம் வண்டிகளில் 'டி' தடம் என்பதொன்று உண்டு. அதில் ஏறி நியூட்டன் ஹைலண்ட்ஸ் நிலையத்தில் இறங்கி, வால்நட் தெரு வழியே வடக்கு நோக்கி 25 நிமிடம் நடந்தால் நான் நிற்கவேண்டிய இடம் வரும். 11 மணிக்கெல்லாம் அங்கு இருந்தேன். அவ்விடத்தில் ஒரு வெண்கலச் சிலை உள்ளது. முதியவர் ஒருவரும் இளைஞர் ஒருவரும் கைகோத்து ஓடுகின்றனர். உற்றுப் பார்த்தால் இருவரும் ஒருவரே! ஜானி கெல்லி என்னும் ஓட்டக்காரர் 1935-இல் தம் 27-ஆம் வயதில் வென்ற தோற்றமும், 1992-இல் 84-ஆம் வயதில் கடைசியாக ஓடிய தோற்றமும் அவை. அவர் பாஸ்டன் ஓட்டத்தில் 61 முறை புறப்பட்டு 58 முறை முடித்தவர், இருமுறை வென்றவர்.

அடுத்துள்ள மேட்டிற்குப் பெயர் வந்ததும் அவரால்தான். 1936-ஆம் ஆண்டு, முன்னணியில் ஓடிய டார்சன் பிரவுன் என்பவரை நியூட்டன் மேடுகளில் கெல்லி எட்டிப் பிடித்தார். கடந்து செல்லும்போது, பரிவாகவோ விளையாட்டாகவோ, பிரவுனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டே பிரவுனுக்குச் சாட்டையாயிற்று. அவர் சினந்தெழுந்து ஓடி வென்றார். கெல்லி ஐந்தாமவராக வந்து சேர்ந்தார். கெல்லியின் நெஞ்சை உடைத்த இடம் என்று 'பாஸ்டன் குளோப்' நாளிதழின் ஜெர்ரி நேசன் எழுதப்போக, 'நெஞ்சுடை மேடு' என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

உயரத்தால் அது பெரிய மேடன்று. 30 மீட்டர்கூட இல்லை. ஆனால் அது நிற்கும் இடமே கொடியது. நம் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்டுள்ள சர்க்கரைச் சத்து, பெரும்பாலோருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடுவதற்கே போதுமானது. அது தீர்ந்ததும் கால்கள் கல்லாகின்றன, எண்ணம் கலங்குகிறது, அழுகைகூட வருகிறது. அந்தச் சேமிப்பு தீரும் தறுவாயில்தான் இம்மேடு குறுக்கிடுகிறது. பயிற்சி ஓரளவுக்கே துணை நிற்கும் அவ்விடத்தில், பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குரலுக்குப் பெருமதிப்பு உண்டு என்பதை அன்று கண்ணாரக் கண்டேன்.

நிற்பவருக்கும் நெறி உண்டு

என் பக்கத்தில் முதிய அம்மையார் ஒருவர் மடக்கு நாற்காலியும் கூடையுமாக வந்து அமர்ந்தார். கூடை நிறைய ஆரஞ்சுப் பழங்கள். அவற்றைக் கத்தியால் நான்கு நான்காக அரிந்து, ஒரு தட்டில் பரப்பி, ஓடுவோருக்கு நீட்டத் தொடங்கினார். அவ்விடத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறாராம். ஆகஸ்டு மாத இறுதியில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோருக்கு வழியோர ஊரார் நீரும் மோரும் ஏந்தி நிற்கும் காட்சி என் நினைவில் எழுந்தது.

நான் புதியவன் என்பதைக் கண்டுகொண்ட அம்மையார் எனக்குச் சில பாடங்கள் கற்பித்தார். "இன்னும் சிறிது தூரந்தான் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். இன்னும் ஏழு மைல் இருக்கிறது. அது அவர்களுக்குத் தெரியும். பொய் சொல்பவரை அவர்கள் நம்பமாட்டார்கள். சட்டையில் பெயர் எழுதியிருந்தால் அப்பெயரைச் சொல்லுங்கள். நடப்பவரை ஓடு என்று விரட்டாதீர்கள்; 'நன்றாக வருகிறீர்கள்' என்று சொன்னால் போதும். பழத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டுங்கள். விரல்களால் பிடித்திருந்தால் அவர்களால் பற்றி எடுக்க முடியாது." இவ்வளவும் நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் விளைந்த அறிவு.

வழியோரத்தவர் வரலாற்றையும் அவர் சொல்லக் கேட்டேன். 1966-இல் ராபர்ட்டா கிப் என்னும் இளம் பெண், பெண்களுக்கு இடமில்லை என்று மறுக்கப்பட்டதால், தொடக்கக் கோட்டருகே புதரில் மறைந்திருந்து ஓட்டத்தில் கலந்தார். ஓடுபவர் பெண் என்பதை உணர்ந்த ஆடவர் அவரை எவரும் வெளியேற்ற விடமாட்டோம் என்று உறுதி கூறினர். பாதி வழியிலுள்ள வெல்ஸ்லி மகளிர் கல்லூரியின் மாணவியரோ, செய்தி முன்னரே எட்டியதால், காத்திருந்து ஆர்ப்பரித்தனர். பெண்கள் முறையாக அனுமதிக்கப்பட்டது 1972-இல்தான். வழியோரத்து மாணவியர் அதற்கு ஆறாண்டு முன்னரே அனுமதி கொடுத்துவிட்டனர்! இன்றும் அக்கல்லூரி மாணவியர் எழுப்பும் ஆரவாரம் வெகு தொலைவுக்குக் கேட்கிறதாம்.

டிக் ஹாய்ட் என்னும் தந்தை, கைகால் இயங்காத தம் மகன் ரிக்கைச் சக்கர நாற்காலியில் அமர்த்தித் தள்ளிக்கொண்டு இவ்வோட்டத்தை 32 முறை முடித்தவர். 2014-ஆம் ஆண்டோடு அவர்கள் ஓய்வு பெற்றனர். தந்தை 2021-லும் மகன் 2023-லும் மறைந்தனர். "அவர்கள் இந்த மேட்டை ஏறும்போது யாரும் கூச்சலிடமாட்டார்கள், கைதான் தட்டுவார்கள், பலருக்குக் குரல் வராது" என்றார் அம்மையார்.

முன்னணி வீரர் மழைத்திரையில் நிழல்களைப்போலக் கடந்து போயினர். பெண்களில் அன்று வென்றவர் டெசிரே லிண்டன். 33 ஆண்டுகளுக்குப் பின் வென்ற முதல் அமெரிக்கப் பெண்மணி. தொடக்கத்தில் தமக்கு உடல்நலம் சரியில்லை, ஓட்டத்திலிருந்து விலக நேரலாம் என்றெண்ணிய அவர், தம் நாட்டவரான ஷலேன் ஃபிளானகனுக்கேனும் உதவுவோம் என்று, ஃபிளானகன் கழிப்பிடம் சென்ற சிறு பொழுதில் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, மீண்டும் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். பிறகு தாமே வென்றார். ஓடுவோரும் சில வேளை வழியோரத்தவராகிறார்கள் என்பதை மறுநாள் செய்தியில் படித்தறிந்தேன்.

பிற்பகல் 1.10 மணிக்கு அலுவலக நண்பர் வந்தார். சிவப்புக் குடையை நூறு கஜத்திற்கு அப்பாலேயே கண்டுவிட்டாராம். உதடு நீலம் பாரித்திருந்தது. நனைந்த கையுறைகளை அவரால் கழற்ற இயலவில்லை. நானே கழற்றி உலர்ந்தவற்றை மாட்டிவிட்டேன். ஒரு சொல்லும் பேசாமல், என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு மேட்டை நோக்கி ஓடினார். எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்தது. இரண்டு மணி நேரத்திற்கு மேல் நின்றது அந்த அரை நிமிடத்திற்காகவே எனில், அது வீண்போகவில்லை என்று எண்ணி மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியிலேயே சிறிது செருக்கும் கலந்திருந்தது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

நின்றவர் பட்ட துயர்

தோழியாருக்காகக் காத்திருந்த வேளையில், 2013-ஆம் ஆண்டைப் பற்றி அம்மையாரிடம் மெல்ல வினவினேன்.

அவ்வாண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் பிற்பகல் 2.49 மணிக்கு, பாயில்ஸ்டன் தெருவில் முடிவுக் கோட்டருகே, நடைபாதையில் வைக்கப்பட்டிருந்த இரு குண்டுகள் சில நொடி இடைவெளியில் வெடித்தன. மூவர் மாண்டனர், அவர்களுள் ஒருவன் எட்டு வயதுச் சிறுவன். 260-க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். குறைந்தது 16 பேர் கால் இழந்தனர். மாண்ட மூவருமே பார்வையாளர்கள். காயமுற்றோரிலும் பெரும்பாலோர் அவர்களே. தம் உறவினரையோ நண்பரையோ கைதட்டி வரவேற்க வந்து நின்றவர்கள்.

ஓட்டக்காரரின் தசைப்பிடிப்புக்கும் களைப்புக்குமென அமைக்கப்பட்டிருந்த மருத்துவக் கூடாரம் சில நிமிடங்களில் போர்க்கள மருத்துவமனையாக மாறியது. உயிரோடு மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அத்தனை பேரும் பிழைத்தனர். அது அந்நகரத்து மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் என்றென்றும் பெருமை தருவதாகும். முடிக்காமல் வழியில் நிறுத்தப்பட்ட ஓட்டக்காரர் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர். வியர்வையில் நனைந்து குளிரில் நடுங்கிய அவர்களுக்கு வழியோர வீட்டார் கம்பளிகளும் நீரும் கொடுத்தனர். வீட்டாரோடு பேசத் தம் தொலைபேசிகளையும் கொடுத்தனர்.

"மறு ஆண்டு வந்தீர்களா?" என்று கேட்டேன்.

"வராமல்? இரண்டு கூடை கொண்டுவந்தேன்" என்றார் அம்மையார்.

அவர் ஒருவர் மட்டும் அல்லர். 2014-இல் வழியோரத்தில் நின்றோர் பத்து இலட்சம் பேர் என மதிப்பிட்டனர். வழக்கமான தொகையைப் போல் இருமடங்கு. அவ்வாண்டு முதல், முடிவுக் கோட்டருகேயுள்ள ஓல்டு சவுத் ஆலயத்தினர், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பலர் பின்னி அனுப்பும் நீலமும் மஞ்சளுமான கம்பளிக் கழுத்துத் துணிகளை, ஓட்டத்திற்கு முந்திய ஞாயிறன்று ஓட்டக்காரர் கழுத்தில் அணிவித்து வாழ்த்துகின்றனர். எங்கள் தோழியாரும் ஒன்று பெற்றிருந்தார்.

இருபது நிமிடம்

இனி என் பிழையைச் சொல்லவேண்டும்.

ஓட்டக்காரரின் எண் பட்டையில் பதிக்கப்பட்டுள்ள மின்னணுச் சில்லு, ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை சாலையில் விரித்துள்ள பாய்களைக் கடக்கும்போது நேரத்தைக் குறிக்கும். அது நம் கைபேசிக்கும் வந்து சேரும். தோழியார் 20 கிலோமீட்டரைக் கடந்தது 1.45 மணிக்கு என்று காட்டிய கைபேசி, சிறிது நேரத்தில் மழைநீர் புகுந்து அணைந்துவிட்டது. மேடுகளில் வேகம் குறையும் என்று நானே கணக்கிட்டு, 3.20-க்கு முன்னர் வரமாட்டார் என்று முடிவு செய்தேன். 2.50 மணிக்கு எனக்கு உடல் நடுக்கம் பொறுக்க முடியாமற் போயிற்று. தெருவின் உட்புறத்து வீடொன்றின் முகப்பில் நின்றவர்கள் சூடான காப்பி அருந்த அழைத்தனர். பத்து நிமிடந்தானே என்று போனேன். கோப்பையைக் கையில் ஏந்தியதும் விரல்களுக்கு உயிர் வந்தது. பேச்சு நீண்டது. இருபது நிமிடம் கழிந்தது.

திரும்பி வந்தபோது அம்மையார் என்னைப் பார்த்த பார்வையிலேயே புரிந்துவிட்டது. "உங்கள் தோழி வந்தார். மஞ்சள் எண், பச்சை மழையங்கி. இங்கே நின்று இரு பக்கமும் பார்த்தார். கையில் எழுதியிருந்த பெயரைச் சொல்லி அழைத்து ஒரு துண்டுப் பழம் கொடுத்தேன். சிவப்புக் குடை பிடித்தவர் எங்கே என்று கேட்டார். இங்கேதான் இருக்கிறார், இப்போது வருவார் என்றேன். சற்று நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்."

அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுபடியும் பழம் அரியத் தொடங்கினார். மேட்டை நோக்கினேன். ஒளித்தகடு போன்ற வெள்ளிநிறப் போர்வைகளும் நெகிழித்தாள் அங்கிகளும் அணிந்த ஆயிரம் முதுகுகள் மேலேறிக்கொண்டிருந்தன. அவற்றுள் எது அவருடையது என்று தெரியவில்லை. உலர்ந்த கையுறைகள் என் பையில் இருந்தன.

ஓடுபவரைப் பின்னால் ஓடிப் பிடிக்க இயலாது. டிராம் வண்டியால் இயலும். நிலையத்திற்கு ஓட்டமும் நடையுமாக விரைந்தேன். டிராமில் நெரிசலில் நின்று, கென்மோர் சதுக்கத்தில் இறங்கியபோது மணி 4.05. முடிவுக் கோட்டிற்கு ஒரு மைல் தொலைவில் உள்ளது அச்சதுக்கம். ஒரு கட்டடத்தின் உச்சியில் பெரிய சிவப்பு முக்கோணம் தாங்கிய எண்ணெய் நிறுவன விளம்பரப் பலகை ஒளிர்கிறது. வெகு தொலைவிலிருந்தே தெரியும் அப்பலகையை நோக்கித்தான் ஓட்டக்காரர் கடைசித் தொலைவைக் கடக்கின்றனர். இரும்புத் தடுப்பின் ஓரத்தில் இடம்பிடித்துக் குடையை உயர்த்தினேன். இம்முறை கை மரத்துப்போனபோதும் இறக்கவில்லை.

4.25 மணி அளவில் பச்சை அங்கி தெரிந்தது. ஓடவில்லை, கால்களை இழுத்து இழுத்து நடந்து வந்தார். பெயர் சொல்லி அழைத்தேன். தலை நிமிர்ந்து குடையைக் கண்டார். தடுப்பருகே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நலமாக இருக்கிறீர்களா?" என்றார்.

இருபத்தைந்து மைல் கடந்து வந்தவர், நின்றுகொண்டிருந்த என்னைக் கேட்ட கேள்வி அது. நலம் என்றேன். வேறொன்றும் சொல்ல வரவில்லை. தலையசைத்துவிட்டு, மெல்ல மெல்ல ஓடத் தொடங்கினார். கையுறைகளைக் கொடுக்கவேண்டும் என்ற நினைவும் எனக்கு வரவில்லை.

அவர் கூறியது

முடித்தவர்கள் தம் வீட்டாரைச் சந்திப்பதற்கென, ஆங்கில எழுத்துகள் பொறித்த பலகைகள் வரிசையாக நாட்டப்பட்ட தெரு ஒன்று உண்டு. அங்கு அவரைக் கண்டபோது கழுத்தில் பதக்கமும், மேலே வெள்ளிநிறப் போர்வையும் இருந்தன. ஐந்தரை மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஓடி முடித்திருந்தார். பற்கள் அடித்துக்கொள்ளப் பேசினார்.

"மேட்டின் அடியில் உங்களைக் காணவில்லை. சொன்ன இடத்தில் இல்லாமற் போகிறவர் அல்லவே என்று எண்ணினேன். உங்களுக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டதோ என்று பயம் பிடித்துக்கொண்டது. அந்த மேடு முழுவதும் நடந்தேன். அதன் பின்னும் ஓட முடியவில்லை. அன்று மருத்துவமனைக்கு வந்தவர்கள் எல்லாரும் யாருக்காகவோ நின்றுகொண்டிருந்தவர்கள்தாமே."

நடந்ததைச் சொன்னேன். காப்பி குடிக்கப் போனதைச் சொல்ல நாக்கூசியது, எனினும் மறைக்கவில்லை. அவர் சிரித்தார். "காப்பிதானா? நல்லது. வேறொன்றும் இல்லையே" என்றார். அதன் பிறகு அதைப்பற்றி என்றுமே பேசியதில்லை. எங்கள் அலுவலக நண்பர் எனக்குச் சாதகமாகவே பேசுவார்: அந்தக் குளிரில் எவராலும் அத்தனை நேரம் நிற்க இயலாதாம். அது உண்மையாகவும் இருக்கலாம்.

நிற்பவர் ஓடுபவருக்குத் துணை என்றுதான் நான் எண்ணிப் போனேன். ஓடுபவர் நம்மையும் தம் நெஞ்சில் சுமந்துகொண்டு ஓடுகிறார் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வழியோரத்தில் நாம் இருந்தால் அச்சுமை இறங்குகிறது, இல்லாவிட்டால் கூடுகிறது. அவருக்காக ஓரடியும் நம்மால் எடுத்துவைக்க முடியாது. ஆனால் சொன்ன இடத்தில், சொன்ன பக்கத்தில், அவர் வரும்வரை நிற்க முடியும். மருத்துவமனை வாயிலிலும், தேர்வுக்கூட வாசலிலும், தொலைதூரப் பணியிலிருந்து பிள்ளை வந்திறங்கும் இரயிலடியிலும் நம்மில் பலர் நின்றிருக்கிறோம். அங்கு நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று எண்ணிச் சற்று அப்பால் போக மனம் தூண்டும்போது, இந்த இருபது நிமிடக் கதை வாசகர் ஒருவருக்கேனும் நினைவுக்கு வருமாயின் மகிழ்வேன்.

அந்தக் கையுறைகள் இன்றும் என் பெட்டியில் இருக்கின்றன. சாம்பல் நிறக் கம்பளி. நம் ஊர் வெயிலில் அவற்றால் எந்தப் பயனும் இல்லை. பெட்டியைத் துடைத்து அடுக்கும்போதெல்லாம் கையில் எடுத்துப் பார்ப்பேன். அன்று பெய்த அவ்வளவு மழையிலும் அவை ஒரு சொட்டும் நனையவில்லை.